லிஃப்ட் நின்னது யார் செஞ்ச பாவம்?

பின் வரிசையில ரெண்டு தலை ஆடுது. ஆமென் சொல்லி ஆடுற மாதிரி தெரியல. பரவாயில்ல... தீமை எங்கிருந்து வருதுன்னு இவ்வளவு நேரம் பேசினா யாருக்கும் தூக்கம் வரும். கொஞ்சம் முழிச்சுக்கோங்க, ஒரு குட்டிக் கதை சொல்லிடுறேன். பேரெல்லாம் மாத்திட்டேன். ஏன்னா இதுல வர்றவங்க ரெண்டு பேரு இப்போ நம்ம கூடத்தான் உக்காந்திருக்காங்க... திரும்பிப் பாக்காதீங்க.

நான் லிஃப்ட் மெக்கானிக், உங்களுக்குத் தெரியும். பாளையங்கோட்டையில ஒரு அபார்ட்மெண்ட். நாலாவது மாடியில கெசியான்னு ஒரு தங்கச்சி. மூணாவது தடவையா அவளுக்குக் கர்ப்பம் கலைஞ்சிருச்சு. சபையில இருந்து ஜெபக்குழு புறப்பட்டுச்சு. ஜெபிக்கவா? ஜெபிக்கத்தான். கூடவே... அந்த வீட்டுல என்ன பாவம் ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கவும். குழுத் தலைவி எப்சிபா அக்கா. துணைக்கு எலியேசர் மாமா, ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். கெசியா கீழ வந்து கூட்டிட்டுப் போறா. மூணு பேரும் லிஃப்ட்ல ஏறினாங்க. கரண்ட் போச்சு. ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல... நின்னுபோச்சு.

வாட்ச்மேன் முத்துக்குமார் எனக்குப் போன் அடிச்சாரு. பக்கத்துத் தெருவுலதான் இருந்தேன், மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஓடினேன். கரண்ட் இல்லைன்னா அங்க ஒரு சக்கரத்தைக் கையால சுத்தித்தான் லிஃப்ட்டை இறக்கணும். லிஃப்ட்டுக்குள்ள பேசுறது அந்த ரூம்ல ஸ்பீக்கர்ல கேக்கும், அதுக்குத் தனி பேட்டரி. கீழ வாட்ச்மேன்கிட்டயும் கேக்கும். உள்ள இருக்குறவங்களுக்கு... அது தெரியாது.

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள எப்சிபா அக்கா ஆரம்பிச்சிட்டாங்க.

"இது சும்மா நிக்கல. நம்மள்ல ஒருத்தர்கிட்ட அறிக்கை பண்ணாத பாவம் இருக்கு. யோனா பண்ணின தப்புக்கு அவன் ஏறின கப்பலே புயல்ல மாட்டின மாதிரி. மாமா, நீங்க முதல்ல."

"நானா? ...லெந்து நோன்பு நாள்ல கறி தொடமாட்டேன்னு பொருத்தனை பண்ணியிருந்தேன். ஒரு கல்யாணத்துல பிரியாணி. கறியை ஒதுக்கிட்டுத்தான் சாப்பிட்டேன்."

"ஒதுக்கினீங்களா?"

"முதல் பிளேட்ல ஒதுக்கினேன்."

லிஃப்ட் நகரல. அடுத்தது அக்கா. "நான் என்னத்தச் சொல்ல... எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது, நான் ஒரு கண்ணைத் திறந்து யாரு செல்போன் பாக்குறாங்கன்னு பாப்பேன்."

"அது தெரியும்மா. நானும் பாத்திருக்கேன்."

அதுக்குள்ள என் போன் அடிக்குது. முத்துக்குமார். "சார், நான் இந்து. இதையெல்லாம் நான் கேக்கலாமா?"

"ஸ்பீக்கரை அணைங்க முத்துக்குமார்."

"சரி சார்... அடுத்தது யாரு?"

அவரைச் சொல்றேன், நான் என்ன செஞ்சேன்? சக்கரத்தைச் சுத்தினேனா? சுத்தல. கேட்டுக்கிட்டு நின்னேன்.

அப்புறம் அக்கா குரல் இறங்கிச்சு. "கெசியா, நீதான் பாக்கி. மூணு பிள்ளை சும்மா போகுமா? எதையாச்சும் மறைச்சிருக்கியா? இப்பவே சொல்லிடு. லிஃப்ட்டும் நகரும், கர்த்தர் உன் கர்ப்பத்தையும் திறப்பாரு."

அப்புறம் அந்தப் பிள்ளை சொல்லுது... "தெரியலக்கா. நானும் தேடிக்கிட்டேதான் இருக்கேன். சின்ன வயசுல இருந்து யோசிச்சுப் பாத்துட்டேன். நீங்களே ஏதாச்சும் சொல்லுங்க... நான் ஒத்துக்கிடுறேன்."

எனக்கு முன்னால சுவத்துல ஒரு பேட்டரிப் பெட்டி. கரண்ட் போனா லிஃப்ட்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிட வேண்டிய பேட்டரி. செத்துக் கிடக்கு. மேல சர்வீஸ் கார்டு. பேட்டரி சரின்னு டிக். கையெழுத்து யாருது? என்னுது. போன மாசம் வந்தேன், பெட்டியைத் திறக்கல, டிக் போட்டுட்டுப் போயிட்டேன். ஷைனி, என் வீட்டுக்காரி, இறந்து அன்னைக்குப் பதினெட்டாவது நாள்.

கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிரும். லிஃப்ட்டுக்குள்ள பேசுற பட்டன்ல விரலை வச்சிக்கிட்டு நிக்கிறேன். கீழ அந்தப் பிள்ளை செய்யாத பாவத்தை ஒத்துக்கப் போகுது. அமுத்திட்டேன்.

"அக்கா, நான் மேல இருந்து பேசுறேன்."

"ஆண்டவரே," ன்னாங்க அக்கா.

"ஆண்டவர் இல்லக்கா. லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்னதுக்குக் கெசியா காரணம் இல்ல. பேட்டரியைப் பாக்காமலே பாத்தேன்னு எழுதினது நான். அவளை விட்டுருங்க."

எலியேசர் மாமா கேக்குறாரு, "தம்பி, நீ எப்ப இருந்து கேட்டுக்கிட்டிருக்க?"

"முதல் பிளேட்ல இருந்து மாமா."

கெசியா சிரிச்சா. சிரிப்பாத்தான் ஆரம்பிச்சுச்சு. நான் சக்கரத்தைச் சுத்தி முடிக்கிறவரைக்கும் அழுதா. யாரும் ஒண்ணும் கேக்கல.

பிரியமானவங்களே... பிறவியிலேயே கண்ணு தெரியாத ஒருத்தரைக் காட்டி சீஷர்கள் என்ன கேட்டாங்க? யாரு பாவம், இவனா, இவனைப் பெத்தவங்களா? இயேசு என்ன சொன்னாரு? ரெண்டும் இல்லன்னாரு. சொல்லிட்டுக் குனிஞ்சு, மண்ணுல துப்பி, சேறு குழைச்சு... அந்த ஆளோட கண்ணுல பூசினாரு. என் தப்பை என் தப்புன்னு சொல்லவே எனக்கு வாய் வரல. அவரு நம்ம தப்பைத் தன்னுதுன்னு சொல்லிட்டுச் சிலுவைக்குப் போனவரு.

ஷைனி போனப்போ என்கிட்டயும் கேட்டாங்க, என்ன பாவம்னு. நானும் தேடினேன். பழுதைத் தேடுறதுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை. லிஃப்ட்ல பேட்டரி கிடைச்சுச்சு. இதுல ஒண்ணும் கிடைக்கல. கிடைக்காமலேதான் ஞாயித்துக்கிழமை வந்து உக்கார்றேன்... அவரு கிட்ட உக்காரலாம், காரணம் கேக்க மாட்டாரு.

சில தீமைக்குக் காரணம் நாமதான். அப்போ ஒத்துக்கோங்க, வேலை போனாலும் சரி. சில தீமைக்குக் காரணம் நமக்குத் தெரியாது. அப்போ நாமளா ஒரு காரணத்தைச் செஞ்சு எடுத்துட்டுப் போய் அழுறவங்க தலையில வைக்காதீங்க.

மறுநாள் எப்சிபா அக்கா திரும்பவும் கெசியா வீட்டுக்குப் போனாங்களாம். படியேறித்தான். ஒரு தூக்குல மீன்குழம்பு. ரெண்டு மணி நேரம் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. ஒரு கேள்வி கேக்கல. அக்காவுக்கு அது எவ்வளவு பெரிய உபவாசம்னு... தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

இந்த வாரம் நீங்களும் ஒரு துக்க வீட்டுக்குப் போவீங்க. அந்த உபவாசத்தை எடுத்துப் பாருங்க.