சாப்பாட்டு மேசை வெளிச்சம்

இந்த அறையில் விளக்கு மாட்டியவர் யாரோ, அதை மேசைக்கு மேலே மாட்டாமல் உங்கள் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். நீங்கள் எழுதும் தாளில் உங்கள் கையின் நிழல்தான் விழுகிறது. வெளிச்சம் நூறு லக்ஸ்கூட இருக்காது. நாற்காலியைச் சற்று இந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். ஆம், அப்படித்தான். இனி நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் கண் வலிக்காமல் எழுதலாம்.

என் பெயர் சு பிங்குன். சொந்த ஊர் குஜென். எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு விளக்குத் தொழிற்சாலை வாசலில்தான் விழ வேண்டும். எல்லாரும் விளக்கு செய்கிறார்கள், நான் அளக்கிறேன். சுவர், தரை, கூரை எல்லாம் கறுப்புப் பூசிய அறை. நானும் கறுப்புச் சட்டைதான் போடுவேன், வெள்ளைச் சட்டையில் பட்டுத் திரும்பும் ஒளி கணக்கைக் கெடுத்துவிடும். விளக்கை ஏற்றி, அதன் சூடு அடங்கி ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, எந்தத் திசையில் எவ்வளவு ஒளி போகிறது என்று குறிக்க வேண்டும். நான் கொடுக்கும் எண்களை வைத்துத்தான் எங்கோ ஒரு ஊரில் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் விளக்கு அமைக்கிறார். தொழிற்சாலைக்காரர்கள் தேயிலையும் சிகரெட்டும் கொண்டுவந்து கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்வார்கள். திருப்பி அனுப்பிவிடுவேன். இன்றுவரை நான் ஒரு பொய் எண் சொன்னதில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

மாமனார் சாய் முச்சின் கெட்டவர் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடற்கரைப் பக்கத்துக்காரர், வாழ்நாள் முழுக்கச் சந்தையில் மீனும் சிப்பியும் விற்றவர். மாமியார் போன பிறகு எங்களோடு வந்து தங்கினார். யான்ரு அவருக்கு ஒரே மகள். அவள் கேட்டாள், நான் சரி என்றேன்.

அவர் சாப்பிடும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். மீன் தலையை உறிஞ்சி, முள்ளை மேசைமேலேயே துப்பி, தின்ற விரலாலேயே பல்லைக் குத்துவார். எல்லாவற்றையும்விட மோசம் ரத்தச் சிப்பி. கொதிநீரை ஒரு கணம் ஊற்றி, பாதி வேகாமலே ஓட்டைப் பிளந்து உறிஞ்சுவார்கள். உள்ளே தேங்கியிருக்கும் சிவப்பு நீர் அவர் மோவாயில் வழிந்து கழுத்து மடிப்பில் இறங்கும். அவர் துடைக்கமாட்டார். நான் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வருவேன். கை அழுக்காக இருந்ததில்லை, ஆனாலும் கழுவுவேன்.

"மாப்ளே, லைட்ட அளந்து அளந்து ஒம் மூஞ்சியே டியூப்லைட் மாதிரி வெளுத்துப் போச்சு. ரெண்டு சிப்பி தின்னு, ரத்தம் ஊறும்" என்பார்.

"விடுங்கப்பா, அவரு அரிசியக்கூட எண்ணித்தான் திம்பாரு" என்பாள் யான்ரு. இருவரும் சிரிப்பார்கள். ஒரே மாதிரிச் சிரிப்பு.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலில் அவருக்கு மோப்பம் போய்விட்டது. திரும்பவே இல்லை. "மூக்கு போனா என்ன, கண்ணு இருக்குல்ல" என்று சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு சிப்பியையும் பிளந்து விளக்கடியில் பிடித்துப் பார்ப்பார். நீர் சிவப்பாக இருந்தால் நல்லது. பழுப்பாக இருந்தால் செத்தது, தூக்கி எறிய வேண்டும். அந்தப் பழக்கத்தில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. என் வேலையையே அவர் கண்ணால் செய்தார் என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது அந்த வெள்ளைத் தகடு. நான் விளக்கு அளக்கும் அறையில் வைத்திருப்பது, உள்ளங்கை அளவு இருக்கும். தன்மேல் விழும் ஒளியை ஏறக்குறைய முழுக்கத் திருப்பித் தரும் வெண்மை. மற்ற எல்லா வெண்மையையும் அதை வைத்துத்தான் ஒப்பிடுவோம். விரல் படக்கூடாது, மூச்சுக்கூட நேராகப் படக்கூடாது. எங்கள் ஊரில் அதைவிடச் சுத்தமான பொருள் கிடையாது. சாப்பாட்டு அறைக்குப் புது விளக்கு வேண்டும் என்று யான்ரு கேட்டிருந்தாள். அளந்து பார்ப்பதற்காகத் தகட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மேசைமேல் வைத்துவிட்டுக் கருவியை எடுக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது தகட்டின்மேல் சிப்பி ஓடுகள் குவிந்திருந்தன. சிவப்பு நீர் அதில் ஊறி, ஓரங்களில் பழுப்பாக உறைய ஆரம்பித்திருந்தது. ஒரு ஓட்டுக்குள் அவர் சிகரெட்டையும் அணைத்திருந்தார்.

"நல்ல தட்டா இருக்கே மாப்ளே, எங்க வாங்குன?" என்றார்.

யான்ரு பக்கத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏன் இப்படி நிக்கிறீங்க? தட்டுதானே, கழுவினாப் போச்சு." சொல்லிக்கொண்டே தன் கையிலிருந்த ஓட்டையும் அதன்மேல் போட்டாள். அவள் பல்லிலும் அந்தச் சிவப்பு இருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் என்றால் கத்தியிருப்பேன், இரண்டு நாளில் தணிந்திருக்கும். இது அருவருப்பு, அது தணிவதில்லை. அன்றுமுதல் அந்த வீட்டுக் கோப்பைகளில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். படுக்கையிலும் அவள் மூச்சு என் பக்கம் திரும்பினால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

புது விளக்கை நானே செய்தேன். எங்கள் கருவி மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். ஒரே எண் காட்டும் இரண்டு விளக்குகளின் கீழ் ஒரே தக்காளி இரண்டு விதமாகத் தெரியலாம். சந்தையில் பழைய இறைச்சியைப் புதிதாகக் காட்டிய விளக்குகள் இந்த வகைதான். அவற்றைத் தடை செய்ததற்குக் காரணம் உண்டு. ஆனால் அவை மட்டமான வேலை, வெள்ளைத் தாளே ரோஜா நிறத்தில் தெரியும். என் விளக்கில் தாள் வெள்ளையாகவே தெரிந்தது. சோறு சோற்றின் நிறத்தில், கைகள் கைகளின் நிறத்தில் இருந்தன. சிவப்பு மட்டும் எழுந்து நின்றது. பழுப்பும் சிவப்பானது. இவ்வளவு நல்ல விளக்கை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வந்திருக்கிறீர்கள், கையுறைகூடப் போடவில்லை போலிருக்கிறது.

மாமனாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "மாப்ளே, ஒன் லைட்டுல எல்லாமே இப்பத்தான் கடல்லேருந்து வந்த மாதிரி இருக்கு. சும்மா சொல்லக் கூடாது, நீ கெட்டிக்காரன்" என்றார். அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான்.

புத்தாண்டுக்கு முந்தைய மாலை அவர்கள் ஊர்ப் பக்கத்தில் ரத்தச் சிப்பி இல்லாமல் சாப்பாடு இல்லை. அந்த ஓடுகள்தான் வரும் ஆண்டின் செல்வம், வேண்டாம் என்று சொல்லக் கூடாது. முந்தின நாளே ஒரு வாளி நிறைய வாங்கி வந்தார். பால்கனியில் வெயில் வரும், வாளியை உள்ளே வைத்துவிடுங்கள் என்று யான்ரு என்னிடம் சொன்னாள். அந்த ஆண்டு குளிரே இல்லை, அரைக்கைச் சட்டையோடு நடமாடலாம் போலிருந்தது. நான் வாளியைத் தொடவில்லை. அதைத்தான் சொல்கிறேன், நான் அந்தச் சிப்பிகளைத் தொடவே இல்லை. எதையும் கலக்கவில்லை, எதையும் மாற்றவில்லை. மறுநாள் மதியம் மூடியைத் திறந்து பார்த்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு மூடினேன். அதன்பிறகு வாளியை நிழலுக்கு நகர்த்தினேன்.

யான்ருவுக்கு அந்த வாரம் சளி. மூக்கடைப்பில் எதுவும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் இஞ்சி தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். என்னை ஒரு கல்நெஞ்சன் என்று எழுதிவிடாதீர்கள்.

மாலையில் திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டேன். அவர் ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்தார். "பாரு, எப்படி செவப்பு! ஒண்ணுகூட தூக்கிப் போட வேண்டியதில்ல" என்றார். பூண்டும் வினிகரும் தொட்டு உறிஞ்சினார். மோவாயில் வழிந்தது. நான் எப்போதும் செய்வதுபோல எழுந்து கை கழுவப் போகவில்லை. உட்கார்ந்து பார்த்தேன். நானும் தின்றதுபோல என் கிண்ணத்துப் பக்கத்தில் காலி ஓடுகளை வைத்துக்கொண்டேன், ஒருவரும் கவனிக்கவில்லை.

அவர் முதலில் போனார். யான்ரு அவருக்குப் பிறகு நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கடைசியில் தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன்.

நீங்கள் மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். அவர் தின்ற விதம், அவர் மோப்பம், அவர் கெடுத்த தகடு, அதெல்லாம் புரிகிறது, மகள் என்ன செய்தாள் என்று. அவளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர்கள் வழக்கப்படி, நல்லதாகப் பொறுக்கி முதலில் மகளின் கிண்ணத்தில்தான் வைப்பார் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவர் வைத்ததையும் நான் பார்க்கவில்லை. மேசையின் அந்தப் பக்கம் வெளிச்சம் போதவில்லை. பார்த்திருந்தால் தடுத்திருப்பேன், அவள் என் மனைவி.

அந்தப் பக்கம் எவ்வளவு வெளிச்சம் இருந்தது என்கிறீர்களா?

ஐந்நூறு இருந்தால் ஊசியில் நூல் கோக்கலாம். அன்று எழுநூற்று இருபது லக்ஸ் இருந்தது. சாப்பிட உட்காருவதற்கு முன்னால், அவள் கிண்ணத்துக்கு நேர் மேலே கருவியைப் பிடித்து நானே அளந்தேன்.