படத்தைப் பற்றி அவர் சொன்னது

சோகப் படத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். வயிறு நிறைந்திருந்தால் கண் கலங்காது, நித்திரைதான் வரும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும் இரண்டு வாய் மட்டும் சாப்பிடுவேன். பேக்கரிப் பணிஸும் பிளேன்டீயும் படம் முடிந்த பிறகுதான்.

அந்தத் தேநீரைக் குடியுங்கள், மகள், ஆறிவிடும். உங்கள் அண்ணன் கபிரியேல் இந்த வீட்டில்தான் போர்டிங் இருந்தார் என்று யாரோ சொல்லித்தான் வஹகோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். அவரைக் கொண்டுபோனது எண்பத்தொன்பதில். இது தொண்ணூற்றாறு. இத்தனை காலத்தில் ஒருவராவது என் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

தபால் கந்தோரில் டெலிபோன் இணைப்புக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. ஊரில் பாதிப் பேருடைய குரல் எனக்குத் தெரியும். ஒருவர் பேச்சை இன்னொருவருக்குச் சேர்த்துவிட்டு மறந்துவிட வேண்டும். என் அபிப்பிராயத்தை ஒருவரும் கேட்டதில்லை. வீட்டிலும் அப்படித்தான். என் கணவர் கிறிஸ்தோபர் நல்ல மனிதர், ஆனால் பேப்பரைத் தவிர வேறொன்றையும் நிமிர்ந்து பார்க்காதவர். அவர் காலமாகி, நானும் பென்ஷன் எடுத்த பிறகு, மகன் இஞ்ஞாசி குவைத்திலிருந்து டீவியும் கசெட் போடுகிற டெக்கும் அனுப்பினான். வேலிக்கு அந்தப் பக்கத்து நாச்சியா அதைப் பார்க்க வந்தாள். வந்தவள் ஒவ்வொரு ஞாயிறும் வரத் தொடங்கினாள்.

அவளுடைய கணவர் முத்தலிப் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கிறவர். அவர் மதிய நித்திரைக்குப் போனதும் நாச்சியா வேலி இடைவெளியால் நுழைந்து வருவாள். படம் பார்ப்போம். முடிந்ததும் நான் டீவியை அணைப்பேன். நாச்சியா கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "இப்ப சொல்லுங்க மார்ஜரி அக்கா, அந்தப் பொம்பள ஏன் அப்புடிச் செஞ்சா?" என்று கேட்பாள். நான் சொல்வேன். ஏன் அந்தத் தாய் பிள்ளையைக் கொடுத்தாள், ஏன் அந்தத் தம்பி வீட்டை விட்டுப் போனான் என்று நான் பேசப் பேச அவள் பணிஸைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். "நீங்க சொன்னாத்தான் அக்கா படமே வெளங்குது" என்பாள். என்னைக் கேட்டால், படத்தை விட அந்தப் பேச்சுக்காகத்தான் நான் வாரம் முழுவதும் காத்திருந்தேன். இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கும்.

உங்கள் அண்ணன் டியூஷன் வகுப்பில் கணக்குப் படிப்பிக்க வந்தார். ஊர் வஹகோட்டை என்றதும் முன்னறையைக் கொடுத்துவிட்டேன். உங்கள் கோயில் திருவிழாவுக்கு நாங்களும் வந்திருக்கிறோம். சுத்தமான பிள்ளை. சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பார். முதல் மாதம் படம் ஓடும்போது அறைக்குள்தான் இருந்தார். "தம்பி, வெளிய வந்து ஒக்காருங்களேன்" என்று கூப்பிட்டவள் நாச்சியா. நான் இல்லை.

அன்றைக்குப் பார்த்தது ஒரு குடும்பப் படம். முடிந்ததும் நான் டீவியை அணைத்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "அப்பா செத்த வீட்டுல, இன்னும் பெட்டி கூட எடுக்கல்ல, அதுக்குள்ள ஹீரோ மலையில ஏறிப் பாட்டுப் படிக்கிறாரே ஆன்ட்டி. சவத்த யாரு பாத்துக்கிட்டது?"

நாச்சியா சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஐந்து வருஷப் பழக்கத்தில் என்னோடு அவள் அப்படிச் சிரித்ததில்லை. நான் தேநீர் போடப் போய்விட்டேன். வரும்போது அவளுடைய கதிரை அவர் பக்கம் திரும்பியிருந்தது.

அது சின்ன விஷயம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த ஞாயிறும் அப்படித்தான் நடந்தது, அதற்கடுத்த ஞாயிறும். நான் ஒன்று சொல்வேன். நாச்சியா தலையாட்டிவிட்டு, "தம்பி என்ன சொல்றீங்க?" என்று கேட்பாள். அவர் மரியாதையாகத்தான் பேசுவார். "ஆன்ட்டி சொல்றதும் சரிதான், ஆனா…" என்று தொடங்குவார். அந்த 'ஆனா'வை நான் சமையலறையில் நின்று தனியாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் வீடு, என் டெக், என் பணிஸ். பேச்சு மட்டும் அவருடையது.

எண்பத்தொன்பது எப்படியிருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தியப் படம் பார்க்கக் கூடாது என்று, அரசாங்கத்துக்கு எதிராகத் துவக்குத் தூக்கிய சிங்களப் பையன்கள் சுவர்களில் எழுதியிருந்தார்கள். கசெட் கடைக்காரர் கசெட்டைக் கோதுமை மாப் பைக்குள் போட்டுத்தான் தருவார். நாங்கள் ஜன்னலைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்துப் பார்ப்போம். அந்தப் பையன்களோடு சேர்ந்தவன் என்று சந்தேகம் வந்தால் போதும், ஆமி கொண்டுபோய்விடும். காலையில் சந்திக்குப் போனால் டயர் எரிந்த கம்பி கிடக்கும். டயருக்குள் யார் கிடந்தார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

அந்தக் காலத்தில்தான் அந்தப் படம் வந்தது. ஏழை விவசாயி ஒருவனின் காணியைப் பெரிய இடத்து ஆள் பறித்துக்கொள்கிறான். நீதிமன்றம் கைவிடுகிறது. தங்கை கிணற்றில் விழுகிறாள். விவசாயி துவக்கை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய், ஒவ்வொருவராகத் தீர்த்துக் கட்டுகிறான். முடிந்ததும் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. அவன் செய்தது சரி என்று ஒருவர், பிழை என்று மற்றவர். அன்றைக்கு நான் விட்டுக்கொடுக்கவில்லை. குரல் உயர்ந்தது. ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று நாச்சியா எழுந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "விடுங்கக்கா. தம்பி சொல்றதுதான் சரி. ஒங்களுக்கு வயசாகிட்டு, இந்தப் படமெல்லாம் ஒங்களுக்கு வெளங்காது" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். பணிஸை எடுத்துக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

அந்தக் கிழமை நடுவில் ஆமி எங்கள் தெருவைச் சுற்றி வளைத்தது. பட்டப் பகல். ஒவ்வொரு வீடாக வந்தார்கள். என் வீட்டுக்கு வந்த அதிகாரி சப்பாத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். சிங்களத்தில் பேசினார். என் சிங்களம் கந்தோர்ச் சிங்களம், அது அவருக்குப் பிடித்திருந்தது. டெக்கைப் பார்த்ததும், "நோனா படம் பார்ப்பீர்களா?" என்று கேட்டார். பயந்துகொண்டே ஆமாம் என்றேன். அவர் சிரித்தார். தமிழ் தெரியாவிட்டாலும் தமிழ்ப் படம் பார்ப்பாராம். சண்டையை விட அழுகைக் காட்சிதான் தனக்குப் பிடிக்கும் என்றார்.

நான் தேநீர் கொடுத்தேன். அவர் இதே கதிரையில், நீங்கள் இருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தார். நாச்சியா கேட்ட அதே படத்தை அவரும் பார்த்திருந்தார்; அந்தத் தாய் ஏன் பிள்ளையைக் கொடுத்தாள் என்று கேட்டார். நான் சொன்னேன். துவக்கை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். "நோனா சொன்ன பிறகுதான் எனக்கு அது புரிகிறது" என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் பேசி எத்தனையோ மாதமாகியிருந்தது.

அப்போதுதான், வீட்டில் இருப்பவர்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "முன்னறையில் இருக்கிற பையனும் பார்ப்பானா? அவன் என்ன சொல்வான்?"

அவர் மிரட்டவில்லை. படத்தைப் பற்றித்தான் கேட்டார். நானும் படத்தைப் பற்றித்தான் சொன்னேன். விவசாயியின் கதையைச் சொல்லி, "அவன் துவக்கைத் தூக்கியதுதான் சரி, நியாயம் கிடைக்காத நாட்டில் வேறு என்ன செய்ய முடியும், ஒவ்வொருத்தனும் அப்படிச் செய்தால்தான் இவர்களுக்குப் புத்தி வரும் என்று அந்தப் பையன் சொன்னான், மாத்தயா" என்றேன்.

அவர் மிச்சத் தேநீரைக் குடித்து முடித்தார். நன்றி சொன்னார்.

கபிரியேல் பாண் வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது இரண்டு பேர் அவருடைய கையைப் பிடித்தார்கள். பாணை என்னிடம் நீட்டி, "ஏதோ கேக்கணுமாம் ஆன்ட்டி. பின்னேரம் வந்திருவேன், சோத்த மூடி வைங்க" என்றார். மூடி வைத்தேன். அடுத்த நாள் நாய்க்குப் போட்டேன்.

இங்கேயே இது முடிந்திருந்தால் வாய் தவறிவிட்டது என்று சொல்லலாம். நீங்களும் அப்படி நினைத்துக்கொண்டு ஊருக்குப் போகலாம். ஆனால் நீங்கள் கேட்டுவிட்டீர்கள், நான் அரைகுறையாகச் சொல்லக் கூடாது.

மூடிக் கிடந்த ஒரு பாடசாலையில் ஆமி முகாம் இருந்தது. முத்தலிப் அங்கே தேங்காய் கொடுத்துவந்தார். அவர் அந்த அதிகாரியின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டிருக்கிறார். "வீட்டுக்கார நோனா வந்து நல்ல பையன் என்று சொல்லட்டும், விடுகிறேன்" என்று பதில் வந்தது. நாச்சியா ஓடி வந்தாள். செருப்புப் போடவில்லை.

"அல்லாஹ்வுக்காக வாங்கக்கா. ஒரு வார்த்த சொன்னாப் போதுமாம். நீங்க பேசினா ஆரு கேக்காம இருப்பாங்க?"

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சேலை மாற்றிக்கொண்டு போனேன்.

முத்தலிப்பின் வேன் வாசலில் நின்றது. என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். வகுப்பறை ஒன்றின் ஜன்னலால் கபிரியேலைக் கண்டேன். சிறு பிள்ளைகளுடைய வாங்கில் உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது, மகள். அதையும் சொல்ல வேண்டும். என்னைக் கண்டதும் எழுந்து சேர்ட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போகத்தான் நான் கூப்பிட வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

அதிகாரி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "நோனா, யோசித்துச் சொல்லுங்கள். அவன் பகிடிக்குச் சொல்லியிருக்கலாம். உங்களுக்குப் பிழையாகக் கேட்டிருக்கலாம்." அவரும் கெட்டவர் இல்லை என்றுதான் நினைக்கிறேன். எனக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தார்.

"ஆயுள் முழுக்க டெலிபோனில் வேலை செய்தவள் நான். யார் என்ன சொன்னார்கள் என்பதில் எனக்குப் பிழை வராது" என்றேன்.

வெளியே வந்து முத்தலிப்பிடம், அதிகாரி பார்த்துச் செய்வதாகச் சொன்னார் என்றேன். வேனில் ஏறும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகு உங்கள் அண்ணனைக் கண்டவர் எவரையும் எனக்குத் தெரியாது. முகாமையும் சில மாதத்தில் எடுத்துவிட்டார்கள்.

நாச்சியா மறுபடி ஞாயிறு தோறும் வந்தாள். நான்தான் வற்புறுத்திக் கூப்பிட்டேன், அவளுக்கும் ஆறுதல் வேண்டுமே என்று. படம் பார்ப்போம். நான் டீவியை அணைத்துவிட்டுச் சொல்லத் தொடங்குவேன். அவள் டீவியின் கறுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பாள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருந்திச்சு" என்பாள். எல்லாப் படத்துக்கும் அதே பதில். பிறகு வராமலே விட்டுவிட்டாள். இப்போது உக்குவளையில் மகளோடு இருக்கிறாளாம். அவளுக்கு எதுவும் தெரியாது. நீங்கள் போய்ச் சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உங்கள் அண்ணன் உண்மையாகவே அப்படிச் சொன்னாரா என்று கேட்டீர்கள். சின்ன வயதில் கோழி அறுப்பதைக் கூடப் பார்க்கமாட்டார் என்றீர்கள். அன்றைக்கு இந்த இடத்தில் அவர் சொன்னதை அவருடைய குரலிலேயே சொல்கிறேன். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. "துவக்குத் தூக்கினவன் எவன் ஆன்ட்டி வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கான்? அந்த ஆளுக்கும் ஒரு தாய் இருப்பாதானே? அவன் செஞ்சது பிழை."

துவக்கைத் தூக்கியதுதான் சரி, நியாயம் கிடைக்காத நாட்டில் வேறு என்ன செய்ய முடியும் என்று சொன்னவள் நான். அதிகாரியிடம் ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சொன்ன ஆளை மட்டும்தான் மாற்றினேன்.

அந்தப் படத்தை அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். என் அபிப்பிராயம் மாறவில்லை. உங்கள் அண்ணனுக்குத்தான் அந்தப் படம் விளங்கவில்லை, மகள்.