பின்னால் வைத்த இரண்டு ஸ்பீக்கர்கள்

ராத்திரி பதினொன்றரை இருக்கும். திருப்பாலைவனத்தைத் தாண்டிவிட்டால் பழவேற்காடு வரைக்கும் அந்த ரோட்டில் ஈ காக்கை இருக்காது. இரண்டு பக்கமும் வயல்... அப்புறம் இருட்டு. பூபதி பைக்கில் தனியாக வந்துகொண்டிருந்தான். பின்சீட்டில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய இரண்டு ஸ்பீக்கர்கள்.

இல்லை, ரோட்டில் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் ஏன் போர்வையை இழுத்துக்கொள்கிறீர்கள்? ரோட்டில் நடந்தால் பரவாயில்லை, ஓடிவிடலாம். இது வீட்டுக்குள் நடந்தது.

பூபதி யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரிக்கு நடுவில் தீவு மாதிரி இருக்கிற பசியாவரத்தில் என் சிநேகிதன் துளசிங்கம் இருக்கிறான், ஏரியில் வலை போடுகிறவன். அவன் தங்கை அமுதவல்லியை அஜித்குமாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அஜித்குமாரின் தம்பிதான் இந்தப் பூபதி. அந்த வம்சத்திலேயே மீன் பிடிக்காத முதல் ஆள். சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் சவுண்ட் இன்ஜினியராக இருந்தான்.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் அஜித்குமார் முகத்துவாரம் பக்கம் போனான். கடலும் ஏரியும் சேருகிற இடம் அது. படகு கவிழ்ந்து கரை ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை. அமுதவல்லி தாலியையும் கழற்றவில்லை, மெட்டியையும் கழற்றவில்லை. "கண்ணால பாக்காத சாவ நான் எப்டி நம்பறது?" என்றாள். ஊரும் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அவள் இடுப்பில் மூன்று வயசுக் குழந்தை தேவி.

அவர்கள் இரண்டு பேருக்கும் துணையாக இருக்கத்தான் பூபதி சென்னை ரூமைக் காலி பண்ணிவிட்டு ஊருக்கே வந்து சேர்ந்தான். அண்ணன் போய்விட்டான். அண்ணன் விட்டுப்போன இந்த இரண்டு உயிரையும் எந்தக் கேடும் அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவனுக்கு அந்த நினைப்பு ஒன்றுதான்.

ஊரிலிருந்தே செய்கிற மாதிரி ஒரு வேலையும் கிடைத்தது. ஏதோ குளிர் நாட்டுக் கம்பெனி. அங்கே இப்போது எழுதுகிறார்களே, எண்பது பேர் கூடி உட்கார்ந்து வாசிக்கிற புதுமாதிரி ஆர்கெஸ்ட்ரா சங்கீதம், அதை முதலில் இரண்டு ஸ்பீக்கருக்காக வெளியிட்டிருந்தார்கள். இப்போது அதே ரெக்கார்டிங்கைச் சரவுண்டில் மறுபடி கலந்து கொடுக்க வேண்டும். கேட்கிறவன் நடுவில் உட்கார்ந்தால் சங்கீதம் அவனைச் சுற்றி வளைக்க வேண்டும். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் ஒரு குண்டு ஸ்பீக்கர். எந்த வாத்தியம் எந்தத் திசையிலிருந்து வரவேண்டும் என்று பூபதி கம்ப்யூட்டரில் நகர்த்தி நகர்த்தி வைப்பான். ரெக்கார்டிங் எடுத்த மண்டபத்தில் கடைசி வரிசைக்கும் பின்னால் இரண்டு மைக் தொங்கவிட்டிருந்தார்கள், எதிரொலியை மட்டும் பிடிக்க. அந்த இரண்டும் முதுகுப் பக்கத்து ஸ்பீக்கர்களுக்கு.

அந்த ஸ்பீக்கர்களைத்தான் அன்றைக்கு ராத்திரி கொண்டுவந்தான். பழவேற்காட்டில் பைக்கை நிறுத்திவிட்டுத் துளசிங்கத்தின் படகில் ஏறினான். நிலா இல்லை. துளசிங்கம் கோலை ஊன்றித் தள்ளுகிறான்... பாதி ஏரி வந்திருக்கும்... பின்னாலிருந்து ஒரு குரல்.

"யோவ்... துளசிங்கம்..."

பூபதி திரும்பப் போனான். துளசிங்கம் அவன் தோளை அழுத்திப் பிடித்தான். அவனும் திரும்பவில்லை. இருட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"எவன்டா அது? முன்னாடி வா. வந்து மூஞ்சியக் காட்டு."

தண்ணீர் சளக் சளக் என்றது. ஒரு படகு சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. அதிலிருந்தவன் டார்ச்சைத் தன் முகத்திலேயே அடித்துக் காட்டினான். தானியேல். நண்டு வலை போட வந்தவன்.

"நெருப்புப் பெட்டி கீதாபா? பீடி பத்த வெக்கணும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். தானியேல் போன பிறகு துளசிங்கம் சொன்னான். "சென்னைக்குப் போனா எல்லாம் மறந்துடுமா இன்னா? தண்ணில பின்னாடிலேர்ந்து எவன் கூப்ட்டாலும் திரும்பாத. வரேன்னும் சொல்லாத. முன்னாடி வானு மட்டும் சொல்லு. மனுசன்னா சுத்திக்கினு வருவான். மத்ததுக்கு அது முடியாது. அது முதுகு பக்கம்தான் நிக்கும்."

பூபதி ஸ்பீக்கர்களை மடியில் அணைத்துக்கொண்டு "சரி மச்சான்" என்றான்.

வீட்டில் ஏரிப் பக்கத்து ரூம்தான் அவன் வேலை செய்கிற இடம். பகலில் மோட்டார் படகுச் சத்தம் காதைப் பிளக்கும் என்பதால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் உட்காருவான். அந்தச் சங்கீதம் அமுதவல்லிக்கு ஒரே வேடிக்கை. "தம்பி, அவனுங்க இன்னும் சுதியே சேத்துக்கினு கீறானுங்களா? பாட்டு எப்ப ஆரம்பிப்பானுங்க?" என்று வாசற்படியில் நின்று கேலி பண்ணுவாள். புருஷன் போனதிலிருந்து அவள் சிரிப்பது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

ஒரு நாள் தேவி அவன் மடியில் உட்கார்ந்திருந்தாள். வயலின்கள் எல்லாம் மெல்ல அடங்குகிற இடம். மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது...

டொக்டொக்... டொக்.

இடது பக்கம், பின்னால், தூரத்தில். யாரோ நாற்காலியை இடித்திருப்பார்கள் என்று நினைத்தான். குழந்தை தலையைத் தூக்கியது.

"சித்தப்பா, நைனா தட்டுது."

பூபதி ரெக்கார்டிங்கை நிறுத்தினான். மீனை வலைக்குள் விரட்டப் படகு விளிம்பைக் கோலால் தட்டுவார்கள், தெரியுமல்லவா? ஆளுக்கு ஒரு தட்டு. இருட்டில் தட்டை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடலாம். சட்டென்று இரண்டு, கொஞ்சம் தயங்கி ஒன்று... அது அஜித்குமாரின் தட்டு. குளிர் நாட்டில் நாலு சுவருக்குள் எடுத்த ரெக்கார்டிங். அங்கே ஏது ஏரி, ஏது படகு?

பழைய, இரண்டு ஸ்பீக்கர் ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டான். இல்லை. அதில் எல்லாமே முன்னாலிருந்துதான் வரும். முதுகுப் பக்கம் என்று ஒன்று கிடையாது. அந்த ரூமுக்குள் ஒரு முதுகுப் பக்கத்தை உண்டாக்கி வைத்ததே பூபதிதான். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குமாம்.

மறுநாள் அதே இடத்தை ஓட்டினான். டொக்டொக்... டொக். கொஞ்சம் கிட்டே. அதற்கு மறுநாள் இன்னும் கிட்டே. அப்புறம் ஒரு நாள் நாற்காலிக்குப் பின்னாலேயே, பிடரிக்குப் பக்கத்தில். கூடவே ஒரு வாடை. காயாத வலையை மூட்டை கட்டிப் போட்டுவைத்தால் வருமே, சேறும் செதிலும் கலந்து... அந்த வாடை.

பூபதி திரும்பவில்லை. "முன்னாடி வா" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. எதுவும் முன்னால் வரவில்லை.

அப்போதே துளசிங்கத்தைக் கூப்பிட்டிருக்கலாம். படித்தவன் அல்லவா, கம்பெனிக்கு மெயில் போட்டான். ஏதாவது நாற்காலிச் சத்தமாக இருக்கும், அழித்துவிடுங்கள் என்று பதில் வந்தது. சரி, தொலையட்டும் என்று அந்தத் துண்டை வெட்டப் போனான்.

"தம்பி... அத அழிக்காத."

அமுதவல்லி வாசலில் நின்றாள். எத்தனை நாளாக அங்கே நின்று கேட்டாளோ, தெரியாது.

"தேவி சொல்லிச்சு. நானும் கேட்டேன். அவர் தட்டுதான அது?"

"அண்ணி, அது வேற எதாச்சும்..."

"என்னாண்ட பொய் சொல்லாத. நீதான சொன்ன, பின்னாடி கீறத முன்னாடி நவுத்தலாம்னு? அவர முன்னாடி கொண்டா தம்பி. ஒரு வாட்டி மூஞ்சியப் பாத்துடறேன். பாத்துட்டா நானே எல்லாத்தையும் கழட்டிடறேன். இப்டி ரெண்டுங்கெட்டானா என்னால இருக்க முடியல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பான். பூபதி யோசித்தான்... முன்னால் வந்தால் மனுஷன். வராவிட்டால் வேறு. எப்படியும் அண்ணிக்கு ஒரு விடை கிடைத்துவிடும். அவன் கணக்குப் போட்டது அப்படித்தான். தானாகச் சுற்றிக்கொண்டு வந்தால்தான் மனுஷன் என்பது வழக்கம். வர முடியாத ஒன்றை நாமே கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும் என்று எவனும் சொல்லிவைக்கவில்லை. ஏரியில் எவனாலும் அப்படிச் செய்ய முடிந்ததில்லையே.

குழந்தையை அடுத்த ரூமில் தூங்கப்போட்டார்கள். அமுதவல்லி அவன் நாற்காலிக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்தாள். பூபதி எண்பது பேர் வாத்தியத்தையும் அடைத்தான். அந்த இரண்டு மைக் மட்டும். திரையில் இரண்டு புள்ளிகள், கீழே, பின்பக்கத்தில்.

டொக்டொக்... டொக். முதுகுக்குப் பின்னால்.

மவுஸைப் பிடித்துப் புள்ளிகளை மெல்ல மேலே இழுத்தான். சத்தம் நகர்ந்தது. இடது காதோரம் வந்தது. கன்னத்தைத் தாண்டியது. முன்னால் போய் நின்றது.

தட்டு நின்றுவிட்டது.

வாடை ரூமை நிறைத்தது. நடு ஸ்பீக்கரிலிருந்து, எதிரே ஓர் ஆள் நின்று பேசுகிற மாதிரி...

"அமுதா..."

பின்னால் நிற்பதைத்தான் முன்னாடி வா என்று சொல்லலாம். முன்னால் வந்துவிட்டதை என்ன சொல்லித் தடுப்பது?

"இதோ வரேன்" என்றாள் அமுதவல்லி.

பாய் சரசரத்தது. எழுந்துவிட்டாள். சிமெண்டுத் தரையில் மெட்டிச் சத்தம். டிக்... டிக்... டிக். பின்னாலிருந்து அவன் இடது பக்கம் வந்தது. தடுத்துவிடலாம் என்று கையை நீட்டினான். சத்தம் அவன் கையைத் தாண்டிப் போயிற்று. கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தான். யாரும் அவனைக் கடந்து போகவில்லை... சத்தம் மட்டும் போயிற்று. ஸ்பீக்கர்களைத் தாண்டி, சுவரைத் தாண்டி, மணலில் அமுங்கி... அப்புறம் மரத்தின் மேல் ஏறியது. படகு ஒரு தடவை ஆடிக் கிறீச்சிட்டது. கோல் தண்ணீரில் இறங்கியது.

அப்புறம் ஒன்றுமில்லை.

"அண்ணி" என்றான் பூபதி. "அண்ணி, முன்னாடி வாங்க."

அவன் திரும்பவில்லை. நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடிகிற வரைக்கும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஆண் பிள்ளை இப்படியா என்று சிரிக்காதீர்கள். நீங்கள் இருந்தால் தெரியும்.

வெளிச்சம் வந்ததும் தேவி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அம்மா தூங்குது" என்றாள்.

திரும்பினான். அமுதவல்லி பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பூபதி குழந்தையைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதான். குலதெய்வத்துக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டான். அண்ணி இருக்கிறாள், எங்கும் போய்விடவில்லை, அது போதும் அவனுக்கு.

அவள் எழுந்தாள். முடியை அள்ளி முடிந்தாள். பாயைச் சுருட்டினாள். அடுப்படிக்குப் போனாள். அவன் ஆசையாகப் பார்த்துக்கொண்டே இருந்தான்...

கோரைப் பாயைச் சுருட்டினால் சத்தம் வருமல்லவா?

காலைப் பார்த்தான். மெட்டி இருந்தது. சிமெண்டுத் தரையில் அவள் நடந்தாள். சத்தம் இல்லை. கை தவறிப் பாத்திர மூடி கீழே விழுந்தது. சுழன்று சுழன்று நின்றது. சத்தம் இல்லை. அவள் திரும்பி அவனிடம் ஏதோ கேட்டாள். உதடு அசைந்தது. கேட்டுவிட்டு, பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொன்னேரிக்குக் கூட்டிப்போனார்கள். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். தொண்டைக்கு வைத்தியம் பார்க்கலாம், மெட்டிக்கு யார் வைத்தியம் பார்ப்பது? ஸ்டெதஸ்கோப்பை அவள் நெஞ்சில் வைத்தார். எடுத்து விரலால் தட்டிப் பார்த்தார். மறுபடி வைத்தார். கையைப் பிடித்து நாடி பார்த்தார், நாடி ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் அவளையே பார்த்துவிட்டு, "இது ரிப்பேர் போலிருக்கு" என்று அந்தக் கருவியை மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார்.

பூபதி அந்த இரண்டு மைக்கைத் தினமும் ஓட்டுகிறான். புள்ளிகளைக் கீழே இழுத்துப் பின்பக்கத்தில் வைத்துவிட்டு, அண்ணி, அண்ணி என்று கூப்பிடுகிறான். வெறும் மண்டபம். பெருக்கி விட்ட மாதிரி இருக்கிறது. பின்பக்கம் இவ்வளவு சுத்தமாக யாரும் செய்து கொடுத்ததில்லை என்று கம்பெனிக்காரர்கள் அடுத்த வேலையையும் அனுப்பிவிட்டார்கள்.

போன வாரம் சாயங்காலம். துளசிங்கம் தன் தங்கை வீட்டு முன்னால் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். தேவி மணலில் கிளிஞ்சல் அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள், வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி. அமுதவல்லி சோற்றுத் தட்டோடு வாசலுக்கு வந்தாள். குழந்தையைப் பார்த்து வாயசைத்தாள்.

தேவி தலையைத் தூக்கினாள். முகமெல்லாம் சிரிப்பு. "இதோ வரேம்மா" என்று எழுந்து ஓடினாள்... ஏரிக்குள்.

துளசிங்கம் பாய்ந்துபோய் இடுப்பளவு தண்ணீரில் பிடித்துத் தூக்கினான். "எங்கடி ஓடற?" என்று உலுக்கினான்.

"வுடு மாமா. அம்மா சோறு துன்னக் கூப்டுது" என்று குழந்தை முகத்துவாரம் பக்கம் கையை நீட்டியது.

கரையில், தட்டும் கையுமாக, அமுதவல்லி இன்னும் வாயசைத்துக்கொண்டிருந்தாள்.