துடிக்க இடமில்லாத நெஞ்சு

கோகிலா: ...அசையாதீங்க. தையல் பிரிஞ்சிடும்னு நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருக்காங்க.

ஜெயபாலன்: கடல் சத்தம் கேக்குது கோகிலா...

கோகிலா: ஆஸ்பத்திரில ஏது கடலு? காத்தாடி சுத்துது.

ஜெயபாலன்: இல்ல... பண்டார் ஹிலிர் கரை. நான் சம்பான் படகுல படுத்திருக்கேன். அடியில ஒரு ஓட்டை. தண்ணி ஏறுது, ஏறுது... மூச்சு முட்டுது. யாரோ விரல வச்சு அடைச்சாங்க.

கோகிலா: அதுல பாதி கனவில்லங்க.

ஜெயபாலன்: பின்ன?

கோகிலா: காஜா பெராங் ரோட்டு நம்ம கடையில ஐஸ் உடைக்கிற ஊசி உங்க நெஞ்சுல எறங்கிடுச்சு. வெளிய சொட்டு ரத்தம்தான். உள்ள, இதயத்தச் சுத்தி கட்டிக்கிச்சாம். துடிக்க எடமில்லாம நெருக்கிடுச்சு. நாடியே அகப்படல...

ஜெயபாலன்: அப்புறம்?

கோகிலா: எக்ஸ்ரே எடுக்கக்கூட டாக்டர் நிக்கல. வெலாவப் பொளந்து, கட்டின ரத்தத்த வெளிய விட்டு, ஓட்டையில விரல வச்சுக்கிட்டே தச்சாராம். அது துடிக்கத் துடிக்க.

ஜெயபாலன்: அந்த விரலு... சூடா இருந்துச்சு புள்ள.

கோகிலா: போதும், பேசாதீங்க... போலீஸ் வந்தா என்ன சொல்லப் போறீங்க?

ஜெயபாலன்: நீ கஞ்சி வாங்கப் போனப்பவே வந்தாங்க. ஈரத் தரையில வழுக்கி, ஊசி மேலயே விழுந்தேன்னேன்.

கோகிலா: வழுக்கினீங்களா...

ஜெயபாலன்: ஆமா... மச்சான் எங்க? கப்பலேறிட்டாரா?

கோகிலா: ஏன், எங்கண்ணன இப்ப எதுக்குக் கேக்குறீங்க?

ஜெயபாலன்: சும்மாதான். இந்த நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம் வந்தா நமக்கு இங்க என்ன வேல, தங்கச்சிய ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்னு நின்னாரு. நான் விடமாட்டேன்னேன்.

கோகிலா: அவ்வளவுதானா?

ஜெயபாலன்: அவ்வளவுதான்... ஏறிட்டாருன்னா நல்லது. எனக்குத் தூக்கமா வருது... எனக்கு ரத்தம் குடுத்தது யாரு? மிஸ்ஸி உன்னையே கேக்கச் சொன்னாங்க.

கோகிலா: தூங்கி எழுந்து கேளுங்க.

ஜெயபாலன்: இப்பவே சொல்லு. சம்பான் மறுபடி ஆடுது...

கோகிலா: எங்க பொன்னுதுரை அண்ணன்தான். கப்பலேறல. கையில பஞ்ச அழுத்திக்கிட்டு வெளிய படியில உக்காந்திருக்காரு. அவரு உங்க கையிலேர்ந்து ஊசியப் புடுங்கினதும், இழுபறியில அது எறங்கினதும்... நான் அடுப்படியிலேர்ந்து பாத்தேங்க. கடையில வச்சே போலீஸ் என்னையும் கேட்டாங்க. வழுக்கி விழுந்தாருன்னுதான் நானும் சொன்னேன்.