மாடியில் ஒரு சிவப்புக் கோடு

மேடையின் நடுவே அமர்ந்திருக்கும் வானொலிக் கழகத் தலைவர் அவர்களே, அவர் பக்கத்தில் தலைகுனிந்திருக்கும் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் கணவரை இழந்து உட்கார்ந்திருக்கும் மகளே, சபையோரே, வணக்கம். அந்தச் சாவு நடந்த அன்று என் வீட்டில் இருந்தவர்கள் நீங்கள் மூவரும் நானும்தான். ஐந்தாவது ஆள், நம் கோட்டுக்காரர், இதோ மாலை போட்ட படத்தில் இருக்கிறார்.

ஏன் அந்தப் பெயர் வந்தது? பதினோரு வருடத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, ஊர் விட்டு ஊர் பேசும் ரேடியோவுக்காக என் மாடியில் ஆன்டெனாக் கம்பி கட்டினார். வீட்டுக்காரி நான் சும்மா இருப்பேனா? சண்டைக்குப் போனேன். "தொடாமலே ஆளைச் சுடுமாமே, தம்பி?" என்றேன். பழைய ட்யூப் லைட் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே போய் ரேடியோவில் பேசினார். ஒயர் இல்லை, சுவிட்ச் இல்லை. என் கையில் அது எரிந்தது! அவர் பேசப் பேச மினுங்கியது. மூச்சுக்கு நிறுத்தினால் அணைந்தது. நான் தள்ளித் தள்ளிப் போக, ஓரிடத்தில் வெளிச்சம் செத்தது. அங்கிருந்தும் பத்தடி தள்ளிச் சிவப்புக் கோடு போட்டார்.

"கண்ணுக்குத் தெரியலேன்னா இல்லேன்னு ஆயிடுமாம்மா? நாங்க பேசுறப்ப யாரும் இதைத் தாண்டக் கூடாது."

எத்தனை பேர் மாடியில் அந்தக் கோட்டைப் போட்டார் அவர்! குழந்தைகள் விளையாடும் பக்கம் போன கம்பிகளை எத்தனை வீட்டில் அவிழ்க்க வைத்தார்!

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். கம்பியைத் தொடப் போகிறவர், ரேடியோவின் மைக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏணியில் ஏற வேண்டும். மைக் இல்லாமல் யாரும் பேச முடியாது, பேசாவிட்டால் கம்பி சுடாது.

அவர் போன அன்று கழகங்களுக்குள் போட்டி, யார் அதிகம் பேரோடு ரேடியோவில் பேசுவது என்று. பொழுது சாயும் நேரத்தில் கம்பி நழுவியது. மைக்கோடு ஏறினார். ஒரு கையால் ஏணியைப் பிடித்திருந்தேன், மறு கையில் ட்யூப். "எரிஞ்சா சொல்லுங்க, காவல்காரம்மா" என்று சிரித்தார்.

எரிந்தது. எப்படி எரிந்தது? காதில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் யாரோ பேசுவது என் கையில் தெரிந்தது, சொல் சொல்லாக. நான் வாய் திறப்பதற்குள் கம்பி அவரைச் சுட்டது. விழுந்துவிட்டார்.

கீழே வேறொரு மைக்கைச் செருகியிருந்தார்கள். பேசியவர் செயலாளர். மறுநாளே என் வாசலில் வந்து அழுது, நடந்ததையெல்லாம் சொன்னார். வாய் வலிக்கத் திட்டினேன். மன்னித்தும்விட்டேன்.

ஆனால் கழகப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது? "கவனக்குறைவால் கால் இடறி." கவனக்குறைவா? அவருக்கா? மகளே, இதோ பார். உன் கணவரின் சட்டைப் பையிலிருந்து நான் எடுத்த மைக். சபையோரே, நீங்களும் பாருங்கள்.

கோட்டின் மேல் வெள்ளையடிக்க ஆளும் வந்தான். இரண்டு முறை அடித்தான். இரண்டு முறையும் விடிந்தபோது சிவப்பு மேலே வந்திருந்தது. ரேடியோவை எடுத்துப் போய் ஒரு மாதமாகிறது. மூலையில் சாத்திய ட்யூப் பொழுது சாய்ந்தால் மினுங்குகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். சொல் புரியவில்லை. அவர் எங்கே மூச்சுக்கு நிறுத்துவார் என்று எனக்குத் தெரியாதா?

நான் இருக்கும்வரை அந்தக் கோடு இருக்கும். மங்கினால் நானே பூசுவேன். நீங்களும் உங்கள் மாடிகளில் போடுங்கள். பதிவேட்டில் அந்த வரியை அடியுங்கள்.

"ஒரு நிமிஷம்தானே, அவனுக்குத் தெரியவா போவுது" என்று மைக்கைச் செருகிக் கொடுத்தவரும், பதிவேட்டில் எழுதியவரும், வெள்ளையடிக்க ஆள் அனுப்பியவரும் ஒருவர்தான்.

தலைவர் அவர்களே, உங்களை நான் மன்னிக்க மாட்டேன்.