பஞ்சுப் பொதியில் ஒரு போல்ட்

— கத்தாதீங்கண்ணே. மெஷினத்தான் நிறுத்தியாச்சே, எனக்குக் காது நல்லாவே கேக்குது.

— பழக்கதோஷம்மா. பத்து வருஷமா இந்தப் பஞ்சு உடைக்கிற மெஷின்கூடத்தான் குப்பை கொட்டுறேன். உக்காருங்க. டீ சொல்லட்டா?

— டீயெல்லாம் வேணாம். கொட்டை எடுத்து அனுப்புற எங்க ஜின்னிங் பேக்டரி பொதியில இரும்பு கிடந்துச்சு, மெஷின்ல அடிபட்டுப் பொறி பறந்துச்சுன்னு எழுதினது நீங்கதானே? அந்தப் பொதியக் கட்டினது நான். இன்னிக்கு அந்தப் புகார்ல நீங்க கையெழுத்துப் போட்டா நாளைக்கு எனக்கு வேலை இல்ல.

— அவ்வளவு தூரம் போகுமா?

— போகாம? பஞ்சுல பொறி விழுந்தா மில்லே சாம்பல். ரெண்டு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு நான் எங்க போய் நிக்கிறது? அந்த இரும்பக் காட்டுங்க.

— இந்தாங்க. மெதுவாப் பாருங்க, ஒண்ணும் அவசரமில்ல. நீங்க எப்பக் கிளம்பணும்?

— போல்ட்டு. எண்ணெய்ப் பிசுக்கோட இருக்கு. பொதிக்குள்ள கிடந்திருந்தா பஞ்சு அப்பிக்கிட்டு இருக்கணுமே, ஒரு இழைகூட இல்ல.

— தொடைச்சு வெச்சேன்.

— தொடைச்சா எண்ணெயும் போயிருக்கும்ல? தள்ளுங்க, உங்க மெஷின் மூடியப் பாக்கிறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலாவது ஓட்டை காலியா இருக்கு. பாருங்க, அளவெடுத்த மாதிரி உள்ள போகுது.

— ஆமா, அந்த மூடியோடதுதான்.

— அப்போ பொறியும் பறக்கல, ஒண்ணும் பறக்கல. நீங்களே கழட்டியிருக்கீங்க. என் வயித்துல அடிக்கப் பாத்தீங்களே, நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?

— நீங்க ஒண்ணும் பண்ணல. உங்களுக்கு வேலை போகும்னு சத்தியமா யோசிக்கலம்மா. முன்னெல்லாம் இந்த ரூம்ல ஆறு பேரு கையாலயே பஞ்சப் பிரிப்போம். ஒரே சிரிப்பும் சண்டையுமா இருக்கும். மெஷின் வந்துச்சு, ஒருத்தன் போதும்னுட்டாங்க. வீட்லயும் யாருமில்ல.

— அதுக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?

— புகாரக் கிழிச்சுப் போட்டுர்றேன், பயப்படாதீங்க. பக்கத்து மில்லுல ஒருத்தன் இதே மாதிரி எழுதினானாம். ஜின்னிங்லேருந்து ஆள் நேர்ல வந்து, ஒரு மத்தியானம் பூரா உக்காந்து அவன்கிட்டப் பேசிட்டுப் போச்சாம்.