துரைசானி தம்பிக்கு ஒரு கம்பளிச் சட்டை

—கையைத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம்.

—தூக்கிக்கிட்டுத்தானே நிக்கேன். பங்குனி வெயில்ல ஒரு மனுசனுக்குக் கம்பளியப் போத்தி நிறுத்தி வச்சிருக்க. வேர்த்து ஊத்துது, கோமு.

—அசையாதீய. ஊசி இருக்கு.

—குத்திருமா?

—வாய மூடிக்கிட்டு நின்னா குத்தாது.

—டாக்டர் துரைசானி தம்பிக்குச் சட்டைன்னா, அவன்லா வந்து நிக்கணும்? நான் என்னத்துக்கு?

—அவுக சீமையில வக்கீலுக்குப் படிக்காகளாம். அங்கேருந்து கப்பலேறி வந்து, இந்த வண்ணாரப்பேட்டையில நம்ம வீட்டுல கையத் தூக்கிக்கிட்டு நிப்பாகளா? 'என் தம்பியும் உன் புருசன் உசரந்தான், அவரை வச்சே அளவு பாத்துக்கோ'ன்னு துரைசானி சொல்லிட்டாக.

—என்னையா? பேரச் சொல்லியா சொன்னாக?

—முழுப் பேரையும் பட்டுன்னு போட்டு உடைச்சாக. எனக்குத்தான் காது கூசிப் போச்சு.

—என்னன்னு? நீயும் ஒரு தடவை சொல்லு பாப்போம்.

—ஆசையப் பாரு.

—வைத்தியலிங்கம். இம்புட்டுத்தானே. சொன்னா வாய் வெந்துருமா?

—சொன்னா உங்க ஆயுசுல ஒரு நாள் குறையும். குறைச்சிருவமா?

—வேண்டாம் தாயி.

—அந்தப் பயம் இருக்கட்டும். திரும்புங்க.

—துரைசானி... வேற என்னமும் சொன்னாகளா?

—வேற என்ன சொல்லணும்?

—இல்ல, சும்மா கேட்டேன். ஆஸ்பத்திரி விசயம் ஏதாவது...

—உங்க ஆஸ்பத்திரி விசயம் எனக்கு எதுக்கு? மிசன் பள்ளிக்கூடத்துல படிச்ச பின்னல் மறந்து போகலையேன்னு கேட்டாக. மறக்கலைன்னேன். நூலை எடுத்துக் குடுத்தாக. அம்புட்டுத்தான்.

—ஏட்டி...

—இப்ப என்ன?

—மாருல இது என்ன? இது நம்ம வாசல்ல நீ போடுத கோலம்லா?

—கண்டுபிடிச்சிட்டீயளா...

—தெனமும் அதத் தாண்டித்தானே வேலைக்குப் போறேன். நல்லாத்தான் இருக்கு கூத்து! வெள்ளைக்காரன் மாருல வண்ணாரப்பேட்டை வாசலா!

—துரைசானி ஒரு படம் குடுத்தாக. முள்ளு முள்ளா, நெருஞ்சியாட்டம். பனி அப்படித்தான் பூப்பூவா விழுமாம். நான் பனியக் கண்டேனா? பின்னல் கம்பியில கண்ணி எண்ணுததும் கோலத்துக்குப் புள்ளி எண்ணுததும் ஒண்ணுதான். எனக்குத் தெரிஞ்சதப் போட்டேன்.

—பாத்துட்டு ஏசலையா?

—ஏசலை. 'இதுதான் சரி'ன்னாக. தடவித் தடவிப் பாத்தாக. கண்ணத் தொடச்சுக்கிட்டாக.

—ஒரு சட்டைக்கா?

—யாரு கண்டா... அங்கனல்லாம் குளிரு ரொம்பவோ?

—கேக்கணுமா? வாளித் தண்ணி கட்டியா உறைஞ்சு போயிருமாம். வெரலெல்லாம் மரத்துப்போயி, மருந்துக் குப்பி மூடியத் தெறக்க முடியாதாம்.

—மருந்துக் குப்பியா? வக்கீலுக்குப் படிக்கவுகளுக்கு எதுக்கு மருந்துக் குப்பி?

—...ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

—உங்களுக்கு யாரு சொன்னா?

—ஆஸ்பத்திரில பேசிக்கிட்டாக. ஜெர்மன் சண்டை நடக்குல்லா. எந்நேரமும் அந்தச் சீமைப் பேச்சுதான்.

—மதுரையிலயும் குளிருமா?

—மதுரையிலயா? அங்கயும் இதே கொதிதான். ஏன் கேக்க?

—இல்ல, திங்கக்கிழமை மதுரைக்குப் போறேன்னீயளே. கம்பவுண்டர்மாருக்கு என்னமோ புது மருந்து கலக்கப் படிச்சுக் குடுக்காகன்னு. பத்து நாளு மதுரைக்கு அந்தப் பெரிய தகரப் பெட்டிய இறக்கித் தொடச்சு வச்சிருக்கீய. அதான் கேட்டேன்.

—சின்னப் பெட்டிக்குப் பூட்டு சரியில்ல.

—ஓகோ.

—கோமு...

—ம்?

—...ஒண்ணுமில்ல. குடிக்கத் தண்ணி குடு.

—எங்க அண்ணனும் இப்படித்தான். போற அன்னைக்குத் தண்ணியா வாங்கிக் குடிச்சான்.

—இப்ப என்ன ஆவுடைநாயகம் நெனப்பு?

—வந்துது. திருச்செந்தூருக்குப் போயி மொட்டை போட்டுட்டு வாரேன்னு போனவன், தூத்துக்குடியில கப்பலேறி ரங்கூன்ல போயி இறங்கினான். எங்கம்மை, புள்ள திருநீறு கொண்டுவருவான்னு வாசலப் பாத்துக்கிட்டே இருந்தா.

—சொன்னா விட்டிருப்பீயளா? ஆளுக்கொரு கால்ல விழுந்து அழுதிருப்பீய.

—அழுதிருப்போம். அழுதுட்டு, மூக்கச் சிந்திட்டு, வழிக்குப் புளியோதரை கட்டிக் குடுத்திருப்போம். 'போயிட்டு வாரேன்'னு அவனும் ஒரு சொல்லு சொல்லியிருப்பான். சொல்லாமப் போனவன் வரலையே.

—அவனக் கொண்டுபோனது காய்ச்சல். ஒரு சொல்லு காய்ச்சலத் தடுக்குமா?

—உங்களுக்கு எல்லாம் காய்ச்சல்தான், எல்லாத்துக்கும் ஒரு குப்பி மருந்துதான்... இந்தாங்க தண்ணி. பைய குடிங்க, கம்பளியில சிந்தாதீய. குடிச்சிட்டுக் கழத்துங்க. சட்டைக் கைய மூட்டணும்.

—கையி ரெண்டும் பின்னியாச்சா? எங்க, காட்டு... ஏட்டி, இங்க பாரு.

—என்ன?

—ரெண்டையும் சேத்து வச்சுப் பாரு. ஒண்ணு குட்டையா இருக்கு.

—இருக்கட்டும்.

—இருக்கட்டுமா? ரெண்டு வெரக்கடை குறையுது! புள்ளி எண்ணுதேன் கண்ணி எண்ணுதேன்னு பெருமை பேசுனியே. இங்கன வந்து தூங்கிட்டியோ?

—சிரிங்க. நல்லாச் சிரிங்க.

—சிரிக்காம? பாவம் அந்தத் தம்பி. கோர்ட்டுல ஒரு கைய நீட்டுவான், ஒரு கைய உள்ள இழுத்துக்குவான். பிரிச்சுப் பின்னு, கோமு. நாளு இருக்குல்லா.

—இல்ல. திங்கக்கிழமைக்குள்ள முடிக்கணும்.

—அதென்ன திங்கக்கிழமை?

—...அந்தக் குட்டையா இருக்கதப் போட்டுப் பாருங்க.

—இதையா? எந்தக் கையில?

—இடது கையில. தோள் வரைக்கும் ஏத்துங்க.

—ஏத்திட்டேன்.

—நுனி எங்க நிக்குது?

—மணிக்கட்டுல.

—சரியா நிக்குதா?

—...சரியா நிக்குது.

—நீங்க போடுத சட்டை ஒவ்வொண்ணுலயும் இடது கை மணிக்கட்டத் தாண்டித் தொங்கும். மடிச்சு விட்டுக்குவீய. கல்யாணமாகி வந்ததுலேருந்து வண்ணானுக்குப் போடும்போதெல்லாம் அந்த மடிப்ப நாந்தானே பிரிச்சு விடுதேன்.

—சின்னதுல குறுக்குத்துறை மண்டபத்துலேருந்து ஆத்துல குதிச்சு ஒடிஞ்சது. கட்டுப் போட்டவன் கோணலாப் போட்டுட்டான்.

—தெரியும்.

—...துரைசானி தம்பிக்கும் இடது கை குட்டையோ?

—துரைசானிக்குத் தம்பியே கிடையாது.

—கோமு...

—போன மாசம் கூப்பிட்டு விட்டாக. போனேன். 'உன் புருசன் தானா முன்வந்து பேர் குடுத்திருக்காரு. பிரான்சு தேசத்துல அடிபட்டுக் கெடக்க நம்ம பட்டாளத்துக்காரங்களுக்கு மருந்து குடுக்கப் போறாரு. நீ தைரியமா அனுப்பி வைக்கியே'ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டாக. எனக்குத் தெரியும்னு நெனச்சிட்டாக. நானும் தெரிஞ்ச மாதிரியே நின்னேன். கம்பளி நூல் கெடைக்குமான்னு மட்டுந்தான் கேட்டேன்.

—இம்புட்டு நாளா நீ...

—இம்புட்டு நாளா உங்க வாயத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். சோறு போடும்போது பாத்தேன், அளவு எடுக்கும்போது பாத்தேன். குளிரக் கேட்டேன், பெட்டியக் கேட்டேன்...

—நீ அழுவியேன்னுதான்...

—அதெல்லாம் பின்னும்போதே அழுது முடிச்சாச்சு. முதுகுப் பக்கம் பூரா அதுதான். அதான் அங்கன கொஞ்சம் இறுகிக் கெடக்கு. அந்தக் கையக் கழத்தாதீய, இருக்கட்டும். மூட்டித் தச்சிருதேன். பொத்தான் ஒண்ணு பாக்கி. நூலும் கோத்துட்டேன். முடிச்சுப் போடுததுக்கு முந்தி... மதுரைன்னு சொல்லாம, போற ஊரச் சொல்லி, 'போயிட்டு வாரேன், கோமு'ன்னு உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்களேன்.